குழந்தைவேல் தோட்டத்து மோட்டார்

மார்ச் 3, திங்கள்

ரத்தக் கொதிப்பு 158/98. இதைத் தினமும் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று டாக்டர் உத்தரவு. கூடவே, "எதனால கோபம் வந்துச்சுன்னும் ஒரு வரி எழுதுங்க" என்றார். ஒரு வரியாம். என் மனைவி தெய்வானை நூற்றிருபது பக்க நோட்டாகப் பார்த்து வாங்கி வந்திருக்கிறாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

இன்றைய கோபத்துக்குக் காரணம் குழந்தைவேல் அண்ணன் தோட்டத்து ஏழரை எச்.பி. நீர்மூழ்கி மோட்டார். போன அக்டோபரில்தான் நான் முழுக்கப் பிரித்து, அடியில், சுழலும் ரோட்டாரைத் தாங்கும் கரித்தட்டைப் புதிதாகப் போட்டு, ஆழ்துளைப் போர்க்குழிக்குள் இறக்கிவிட்டு வந்தேன். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. இன்று காலை டெம்போவில் கொண்டுவந்து கடை வாசலில் பொத்தென்று இறக்கினார்கள். தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். ஓர் இடத்தில் இடித்தது. மேலும் கீழுமாக இழுத்தால் விரல்கடை அளவுக்கு ஆடியது. கவிழ்த்ததும் உள்ளிருந்த தண்ணீர் மை மாதிரி கறுப்பாகக் கொட்டியது. கரித்தட்டு மூன்று துண்டு. செம்புக் கம்பி சுற்றிய வைண்டிங்கும் எரிந்திருந்தது.

பிலோமினா வந்து எட்டிப் பார்த்தாள். பதினான்கு வருடமாக என் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து வைண்டிங் சுற்றுகிறவள். என் வேலை போகப் பல்லடத்தில் இரண்டு கடைகளுக்கும் அவள்தான் சுற்றிக் கொடுக்கிறாள். வைண்டிங் இருக்கும் ஸ்டேட்டர் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வைண்டிங்கு தானா எரியலீங்ண்ணா. ரோட்டாரு ஒராஞ்சிருக்குது. அந்தச் சூட்டுல எரிஞ்சிருக்குதுங்" என்றாள்.

"கரித்தட்டு மட்டமான சரக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றேன். அதை விற்ற கடைக்காரனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவனும் திருப்பிக் கத்தினான்.

மார்ச் 5, புதன்

144/92. பிலோமினா நெற்றியில் சாம்பலோடு பத்தரை மணிக்கு வந்தாள். இன்று சாம்பல் புதன், கோயிலுக்குப் போய்விட்டு வந்தாளாம். நேற்றே சொல்லியிருந்தாள், நான்தான் மறந்துவிட்டேன். ஆனாலும் கத்திவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

பிலோமினா புதிதாக வைண்டிங் சுற்றிக் கொடுத்து, மோட்டாரை இறக்கியாயிற்று. நானூற்றிருபது அடி ஆழம். கறுப்பு ஓஸ் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நான்கு பேர் வரிசையாக நடந்து இறக்கினோம். ஆறு வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு மோட்டாரைத் தூக்கும்போதுதான் என் வலது தோள் பிசகியது. தண்ணீர் நிறைந்த ஓஸ் என்ன கனம் கனக்கும் என்று மேலே நின்று வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

அதனால்தான் பம்புக்கு மேலே இருக்கும் 'நான்-ரிட்டர்ன்' வால்வில் அந்தச் சின்ன வேலையைச் செய்துவிடுவது. மோட்டார் நின்றதும் குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பக் கீழே இறங்காமல் உள்ளே ஒரு பித்தளைத் தட்டு தடுக்கும். அந்தத் தட்டை எடுத்துவிட்டு வெளிக்கூட்டை மட்டும் மாட்டினால், நின்ற கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முழுக்க இறங்கிவிடும். அடுத்த முறை தூக்கும்போது ஓஸ் இலேசாக வரும். தோட்டக்காரரிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. சொன்னால் ஆயிரம் கேள்வி வரும்.

குழந்தைவேல் அண்ணனுக்கு அறுபது வயது. மூன்று ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டிருக்கிறார். பொங்கலுக்கு மருமகன் வாங்கிக் கொடுத்த ஸ்டார்ட்டர் பெட்டியைக் காட்டிப் பெருமைப்பட்டார். செல்போனிலேயே மோட்டாரைப் போடலாம், அணைக்கலாம். கரண்ட் போய் வந்தால் பெட்டியே தானாக ஓட்டிவிடும்.

"முன்னெல்லாம் கரண்டு வந்துச்சான்னு பாத்துட்டு வரப்புல நடையா நடக்கோணும். இப்பப் பாரு, கட்டல்ல படுத்துக்கிட்டே தண்ணி உடறேன்" என்றார்.

பாவம், சந்தோஷமாக இருந்தார்.

மார்ச் 9

138/90. உப்பில்லாத ரசம். உப்பில்லாத பொரியல். கோபம் வராமல் என்ன செய்யும்?

மார்ச் 16, ஞாயிறு

சாப்பிட உட்கார்ந்தேன். குழந்தைவேல் அண்ணனிடமிருந்து போன் வந்தது. "சென்னியப்பா, மோட்டாரு மறுக்காவும் நின்னுபோச்சு." ஒன்பது நாள்! தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தேன். தெய்வானை கொதிப்பு பார்க்கிற மிஷினைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். 166/100.

மார்ச் 17, திங்கள்

காலையிலேயே தூக்கிக் கடைக்குக் கொண்டுவந்து பிரித்தோம். அச்சு அசல் அதே கோளாறு. கரித்தட்டு உடைந்திருக்கிறது. தண்டை மேலே தாங்கும் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து கோழிமுட்டை வடிவத்தில் இருக்கிறது. ரோட்டார் உரசி வைண்டிங் எரிந்திருக்கிறது. இந்தத் தடவை வேறு கடையில் வாங்கிய கரித்தட்டு, அதனால் சரக்கைக் குறை சொல்ல வழியில்லை. மண் ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன், ஒரு பொடி மண் இல்லை. தண்டு வளைந்திருக்கிறதா என்று டயல் வைத்துச் சுற்றிப் பார்த்தேன், நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது. பம்பையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளிங்கின் பற்கள் இரண்டு பக்கமும் தேய்ந்திருக்கின்றன. வழக்கமாக ஒரு பக்கம்தான் தேயும். ஏன் என்று புரியவில்லை. கப்ளிங்கை மாற்றிவிட்டேன்.

இருபத்தெட்டு வருடமாக மோட்டார் பிரிக்கிறேன். ஒரு மோட்டார் இப்படி என்னை முட்டாளாக்கியதில்லை.

மதியம் குழந்தைவேல் அண்ணன் கடைக்கே வந்துவிட்டார். "வெங்காயம் காய் புடிக்கற நேரமப்பா. நாலு நாள் தண்ணி இல்லீன்னா மூணு ஏக்கரும் கருகிப் போயிரும். சுத்தி வளைக்காத. என்னதான் கோளாறு? ஒத்த வார்த்தையில சொல்லு."

ஒற்றை வார்த்தை என்னிடம் இல்லை. மேசைமேல் எல்லாம் பிரித்துக் கிடக்கிறது, அவர் என் முகத்தையே பார்க்கிறார். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"வைண்டிங்குங்ண்ணா" என்று சொன்னேன்.

பின்பக்கம் கம்பி இழுக்கிற சத்தம் நின்றது. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

வந்து நிற்கிறவருக்கு ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மெக்கானிக்கே தெரியவில்லை என்று நின்றால் நாளைக்கு எவன் மோட்டாரைக் கொண்டுவருவான்? இதில் தப்பு ஒன்றுமில்லை. எரிந்த வைண்டிங் எரிந்ததுதானே.

மார்ச் 18

பிலோமினா ஸ்டேட்டரைத் தூக்கிவந்து என் மேசைமேல் வைத்தாள். கம்பி இறங்கும் ஸ்லாட்டுப் பள்ளங்களில் எரிந்தவற்றைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தாள்.

"இருவத்தி நாலு ஸ்லாட்டுல மூணு மட்டும்தானுங் எரிஞ்சிருக்குது. அந்த மூணும் ரோட்டாரு ஒராஞ்ச பக்கம். நான் சுத்துனது சரியில்லீன்னா வேற பக்கமும் எரிஞ்சிருக்கோணுமில்லீங்? கோளாறு மெக்கானிக்கலுங்ண்ணா. நீங்க அதப் பாருங்."

"நீ உன் சோலியப் பாரு" என்றேன்.

அவள் சொன்னது சரி என்று வட்டத்தைப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. 160/96.

மார்ச் 20, வியாழன்

வைண்டிங்கைச் சுற்றி முடித்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, மின்கசிவு பார்க்கும் மெக்கர் வைத்துப் பார்த்து, அளவை எல்லாம் சீட்டில் எழுதி ஸ்டேட்டர்மேல் ஒட்டினாள். இதுவரை அவள் சீட்டு எழுதி ஒட்டியதில்லை. பிறகு கத்தரிக்கோல், மூங்கில் குச்சிகள், கண்ணாடி எல்லாவற்றையும் டிபன் பையில் போட்டாள்.

"குழந்தைவேலண்ணன் சந்தையில சொல்லிட்டு வர்றாருங்களாம், அந்தப் பொம்பள சுத்துனா மோட்டாரு தாங்காதுன்னு. பல்லடத்துல ரெண்டு கடையும் வேல வேண்டாம்னு போன் பண்ணிட்டாங்க. எனக்கு இருக்கறது இந்தப் பேரு ஒண்ணுதானுங்ண்ணா. வைண்டிங்கு இல்லீன்னு நீங்க ஒரு வார்த்த அவருகிட்டச் சொல்லோணும்."

"மொதல்ல மோட்டாரு ஓடட்டும். அப்பறம் சொல்லிக்கலாம்."

"எப்பங் சொல்லுவீங்?"

"அதான் சொல்றனே, ஓடட்டும்னு."

நான் புஷ்ஷைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்க்க ஒன்றுமில்லை, அது ஏற்கெனவே தேய்த்து முடித்த புஷ். நிமிர்ந்தபோது அவள் இல்லை. ஸ்கூட்டி போகிற சத்தம் மட்டும் கேட்டது.

மார்ச் 21

மோட்டாரை இறக்கினோம். ஓடுகிறது.

மார்ச் 24

148/94. வேறொரு மோட்டாருக்கு வைண்டிங் சுற்ற ஆள் தேடித் திருப்பூர் வரைக்கும் போய்வந்தேன். அவன் பத்து நாள் ஆகும் என்கிறான். வீட்டுக்கு வந்து புலம்பினேன். தெய்வானை கீரை ஆய்ந்தபடியே, "பிலோமினா நல்லாத்தான சுத்துனா? அவள ஏனுங் போகச் சொன்னீங்?" என்றாள். நான் போகச் சொல்லவில்லை, அவளாகத்தான் போனாள் என்றேன். "அப்பிடிங்ளா?" என்று கேட்டுவிட்டுக் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்கள் எல்லாரும் ஒரே கட்சி.

மார்ச் 27, வியாழன்

குழந்தைவேல் அண்ணன் மறுபடி போன். மோட்டார் ஓடுகிறது, ஆனால் "கடக்குனு ஒரு சத்தம் வருதப்பா" என்கிறார். நல்லவேளை, எரிவதற்கு முன் கூப்பிட்டார். பதினோரு மணிக்குப் போனவன், போர்க்குழி பக்கத்தில் தென்னை நிழலில் சாக்கை விரித்துப் போட்டு மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன். பிரித்துப் பிரித்துப் பார்த்தாயிற்று. ஓடும்போது பார்க்கலாம் என்று.

பன்னிரண்டேகால் இருக்கும், கரண்ட் பட்டென்று போய் உடனே வந்தது. குழாயில் கை வைத்திருந்தேன். மோட்டார் நின்றதும் உள்ளே தண்ணீர் ஹோவென்று கீழே இறங்குவது கையில் தெரிந்தது. இறங்கிக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் டிக் என்றது. மோட்டார் எடுத்தது. கடக்! ஓஸ் முறுக்கிக்கொண்டு, அதைப் பிடித்திருக்கும் கிளாம்பையே ஓர் உலுக்கு உலுக்கியது.

இரண்டு மணிக்குள் இதே மாதிரி நான்கு தடவை.

புரிந்துவிட்டது. நானூறு அடித் தண்ணீர் கீழே பாயும்போது பம்பை எதிர்ப்பக்கம் சுற்றவைக்கிறது. அது எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இந்தப் பெட்டி மோட்டாரை நேர்ப்பக்கம் ஓட்டுகிறது. முன்பென்றால் அண்ணன் வரப்பில் நடந்து வந்து சுவிட்சைப் போடுவதற்குள் தண்ணீர் எல்லாம் இறங்கிப் பம்பு சும்மா நின்றிருக்கும். இப்போது பத்து விநாடிகூடக் கிடைப்பதில்லை. அந்த அதிர்ச்சியில் கப்ளிங் பல் இரண்டு பக்கமும் தேய்கிறது, ரோட்டார் எகிறி விழுந்து கரித்தட்டு உடைகிறது, அப்புறம் உரசல், அப்புறம் வைண்டிங்.

ஆக, கோளாறு ஸ்டார்ட்டர் பெட்டி. நாளைக்கே கழற்றச் சொல்லவேண்டும். கண்டுபிடித்துவிட்டேன். 136/88.

மார்ச் 28, வெள்ளி

சொன்னேன். பெட்டியைக் கழற்றுங்கள் என்றேன். குழந்தைவேல் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்துத் தோட்டத்தைக் கையால் காட்டினார்.

"அங்கீமு இதே பெட்டிதானப்பா மாட்டியிருக்குது. அவனப் பாத்துத்தான் எங்க மாப்பிள்ளயே வாங்கிக் குடுத்தாரு. அவன் மோட்டாரு மூணு வருசமா ஓடுது. எம்பட மோட்டாருக்கு மட்டும் என்ன கேடு?"

வேலிக்கு அந்தப் பக்கத்து மோட்டாரை இறக்கியது நான் இல்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வண்டியை எந்தப் பக்கமாக ஓட்டி வந்தேன் என்பதே நினைவில்லை.

மார்ச் 29

162/98. கடையைத் திறக்கவில்லை. தலைவலி என்று தெய்வானையிடம் சொன்னேன்.

இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப் போவதில்லை. டாக்டர்கூட எண்களை மட்டும்தான் பார்ப்பார். அதனால் எழுதிவிடுகிறேன். வால்வுக்குள் தட்டு இருந்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்காது. பம்பு எதிர்ப்பக்கம் சுற்றியிருக்காது. பெட்டி எத்தனை தடவை ஓட்டினாலும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தட்டை எடுத்தது நான். கடையில் மேசைக்கு அடியில் ஒரு பெயின்ட் டப்பா இருக்கிறது. இந்த ஆறு வருடத்தில் எடுத்த தட்டுகளை எல்லாம் பித்தளையாயிற்றே என்று அதில்தான் போட்டுவைத்திருக்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 31, திங்கள்

மோட்டாரைத் தூக்கினோம். கரித்தட்டு விரிசல் விட்டிருந்தது, உடையவில்லை. பிலோமினா சுற்றிய வைண்டிங் ஒரு கீறல் இல்லாமல் புதுசாகப் பளபளத்தது. கரித்தட்டை மாற்றி, வால்வில் தட்டைப் பொருத்தி இறக்கினோம். கரண்டை நானே அணைத்துப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் இறங்கவில்லை. சத்தம் இல்லை.

"இப்பவாச்சும் என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதா?" என்று குழந்தைவேல் அண்ணன் கேட்டார்.

"வால்வுல கொஞ்சம் கோளாறுங்ண்ணா. சரி பண்ணிட்டேன்."

பொய் இல்லை. வால்வில்தான் கோளாறு. அவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். சீ.

ஏப்ரல் 6, ஞாயிறு

மோட்டார் ஒரு வாரமாக நன்றாக ஓடுகிறது. வெங்காயம் தப்பித்துவிட்டது. இனி அவளைக் கூப்பிடலாம் என்று பூசை முடிகிற நேரம் பார்த்துப் பிலோமினா வீட்டுக்குப் போனேன். சூலூரில் ஒரு கம்பெனியில் மோட்டாருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலையில் சேர்ந்திருக்கிறாளாம். அந்தக் கையைப் பெயின்ட் அடிக்க வைத்திருக்கிறார்கள்.

உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, பெட்டி, பெயின்ட் டப்பா எல்லாம். அழுவாள் அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"குழந்தைவேலண்ணன்கிட்டச் சொன்னீங்ளா?"

"இல்ல. மொதல்ல உன்கிட்டச் சொல்லலாம்னு..."

"என்கிட்டச் சொல்லி என்னங்ண்ணா ஆகறது? வைண்டிங்கு இல்லீன்னு எனக்குத்தான் மொத நாளே தெரியுமுங்களே" என்றாள். "தெரியாதவங்ககிட்டப் போயிச் சொல்லுங்."

டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது. அப்படியே குடித்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

சொல்லிவிட்டேன். வெங்காயக் காட்டின் நடுவில் மடை திருப்பிக்கொண்டிருந்தவரை நிறுத்தி, நின்றபடியே சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டார். "எங்காட்டுக்குள்ளயே நின்னுக்கிட்டு, எம்பட இளநியக் குடிச்சுப்போட்டு..." என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் திட்டினார். அத்தனையும் எனக்குத் தகும். கடைசியில்தான் அவருக்கே உறைத்தது.

"அப்ப அந்தப் பொம்பள மேல நானுமில்ல பழியச் சொல்லிப்போட்டேன். சந்தையில நாலு பேருகிட்டச் சொன்னனே."

"நீங்க நான் சொன்னதத்தானுங் சொன்னீங்."

பல்லடம் கடைகள் இரண்டுக்கும் அங்கேயே நின்று போன் போட்டேன். இரண்டு பேரிடமும் முழுக்கச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "இத நீங்களே சொல்றீங்ளே" என்றார். அவர் பாராட்டினாரா திட்டினாரா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 8

பெயின்ட் டப்பாவைக் கொட்டி எண்ணினேன். இன்னும் நாற்பத்தொரு தட்டுகள். இன்று இல்லாவிட்டாலும் அடுத்த வருடமாவது எல்லாத் தோட்டத்துக்கும் இந்த ஸ்டார்ட்டர் பெட்டி வரத்தான் போகிறது. பழைய வேலை நோட்டுகளைப் பார்த்து ஊர்வாரியாகப் பட்டியல் போட்டேன். நாளையிலிருந்து ஒவ்வொரு தோட்டமாகப் போய் உண்மையைச் சொல்லி, அடுத்த முறை மோட்டாரைத் தூக்கும்போது தட்டைப் போட்டுத் தருவதாகச் சொல்லவேண்டும். இதையும் பிலோமினாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "போயிட்டு வந்து சொல்லுங்" என்றாள். அவ்வளவுதான். கடைக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

காலையில் கொதிப்பு பார்க்கவில்லை.

முதல் தோட்டம், கேத்தனூரில் மாராத்தாள் அக்கா. தனியாகவே மாடும் தோட்டமும் பார்க்கிறவர். தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய மோட்டார் இரண்டு வருடத்துக்கு முன் எரிந்து என் கடைக்கு வந்தது நோட்டில் இருந்தது. நேற்றுப் பட்டியல் போடும்போது அதற்கு மேல் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வால்வைப் பற்றிச் சொன்னேன். நான்தான் தட்டை எடுத்தேன் என்றேன். இந்த முறை வார்த்தை தடுமாறவில்லை, குழந்தைவேல் அண்ணனிடம் சொல்லிப் பழகிவிட்டது. அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்று கேட்டார்.

"நானும் அப்ப இந்தப் பெட்டிதான் மாட்டியிருந்தேன், எரிஞ்சதுக்கப்பறம் கழட்டிப்போட்டேன். அப்ப அன்னிக்கு எரிஞ்சது இதனாலதானா?"

"ஆமாங்க்கா. இதனாலதான் இருக்கோணும்."

"அப்பறம் ஏந் தம்பி அன்னிக்கு அப்பிடிச் சொன்ன?"

"என்னங்க்கா சொன்னேன்?"

"உன் கடையில ஒரு பொம்பள சுத்துதே, அது கை சரியில்லீன்னு சொன்னியே. இங்க, இதே எடத்துல நின்னுதான் சொன்ன. பொம்பளைங்களுக்கு இந்த வேல ஆகாதுன்னு வேற சொல்லிப்போட்டுப் போன. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு, அதனால மறக்கல."

எனக்கு நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அன்றைக்கும் யாரோ காத்திருந்திருப்பார்கள், என்ன கோளாறு என்று ஒற்றை வார்த்தையில் கேட்டிருப்பார்கள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வண்டி ஏறியிருப்பேன். சாயங்காலம் கடைக்கு வந்து அவளிடமே டீ வாங்கிவரச் சொல்லியிருப்பேன்.

"அது பொய்ங்க்கா" என்றேன். "அவ சுத்துனது நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாமே நான்தான்."

அக்கா சாணிக் கூடையை எடுத்துக்கொண்டார். தொழுவத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து பட்டியலை விரித்தேன். நாற்பது பேர் பாக்கி. அவர்களிடம் எடுத்த தட்டுகள் என்னிடம் இருக்கின்றன, எண்ணியாயிற்று. ஆனால் அந்த நாற்பது வாசலில் நின்று பிலோமினாவைப் பற்றி என்னென்ன சொன்னேன் என்பது எனக்குத் தெரியாது. அவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொருவரிடமும் நானே போய்க் கேட்கவேண்டும்.